எட்டயபுரத்தில் தளரும் கயிறு

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மதுரைச் சாலையில் ஏறும் லாரிகள் எட்டயபுரத்தைச் சுற்றி ஏதாவது ஒரு டீக்கடையில் நிற்கும். டிரைவர் இறங்கி டயரைத் தட்டிப் பார்ப்பார். கிளீனர் லோடைச் சுற்றி வந்து கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். ஏதோ ஒரு கயிறு தொளதொளவென்று ஆகியிருக்கும். புறப்படும்போது சட்டத்தில் காலை ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு இறுக்கிய கயிறு அது. வழியில் யாரும் அவிழ்க்கவில்லை, லோடும் சரியவில்லை. பிறகு எப்படித் தளர்ந்தது?

இதே கேள்வியைத் தெற்கே, திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே கிடக்கும் செம்மணல் தேரிப் பக்கம் போகிற ஜீப்பிலும் கேட்கலாம். மணலில் சக்கரம் புதைந்தால் மீள்வதற்கு என்று சில சாமான்கள் அந்த வண்டியில் இருக்கும். உயர ஜாக்கி, மண்வெட்டி, கடப்பாரை, இழுவைக் கயிறு, அதை மாட்டும் இரும்பு ஷாக்கிள்கள், சக்கரத்துக்கு அடியில் போடும் மணல் பலகைகள். கிளம்பும்போது எல்லாம் கட்டப்பட்டுத்தான் இருந்தன. தார்ச்சாலை முடிந்து அரை மணி நேரத்தில் பின்னால் லொடலொடவென்று சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது. தளர்ந்தது எது, ஏன் என்று பார்த்தால் லாரிக்கும் ஜீப்புக்கும் பதில் ஒன்றுதான்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடலாம். லோடைப் பிடித்து நிறுத்துவது கயிறு என்றே நாம் நினைக்கிறோம். லோடின் மேலாகப் போட்டு இரு பக்கமும் இழுத்துக் கட்டும் கயிற்றுக்கு அது பொருந்தாது. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டிருக்கும் பயணியை எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பிரேக் அடித்ததும் அவர் முன்னால் சாய்கிறார். அவரை யாரும் தள்ளவில்லை. பஸ் வேகத்தைக் குறைத்துவிட்டது, அவர் உடம்பு பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. அறிவியல் புத்தகம் இதை நிலைமம் என்கிறது. அவர் கால் தரையில் வழுக்காமல் இருப்பது செருப்புக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வால். அந்த நேரத்தில் யாராவது அவர் தோள்களைப் பிடித்துக் கீழே அழுத்தினால் செருப்பு தரையை இன்னும் இறுகப் பற்றும். லோடின் மேல் போட்ட கயிறு செய்கிற வேலை இந்தத் தோள் அழுத்தம்தான். அது அழுத்துகிறது. லோடு முன்னால் போகாமல் பிடித்துக்கொள்வது உராய்வு.

எவ்வளவு உராய்வு வேண்டும்? சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையமும் சேர்ந்து 2014இல் சரக்கு அடைப்பதற்கான ஒரு நெறிமுறையை வெளியிட்டன. சாலையில் போகும் சரக்கை, முன்பக்கமாக அதன் எடையில் 0.8 பங்கு விசை தள்ளினாலும் நகராதபடி கட்ட வேண்டும் என்கிறது அது. பின்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் 0.5 பங்கு. இந்த 0.8 வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. காய்ந்த தார்ச்சாலையில் லாரி டயரின் பிடிப்பே ஏறத்தாழ அவ்வளவுதான். சாலையை டயர் எவ்வளவு பிடிக்கிறதோ அதற்கு மேல் எந்த வண்டியும் பிரேக் பிடிக்க முடியாது. ஆகவே லோடு தளத்தைப் பிடிக்கும் பிடி, டயர் சாலையைப் பிடிக்கும் பிடிக்குச் சமமாக இருந்துவிட்டால், சமதளச் சாலையில் எந்தப் பிரேக்குக்கும் அது நகராது.

பிடியை அளக்கும் எண்ணுக்கு உராய்வுக் குணகம் என்று பெயர். பயமுறுத்தும் பெயர்தான்; அளப்பதோ எளிது. ஒரு பலகையின் மேல் ஜாக்கியை வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். ஜாக்கி வழுக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, முனை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்றும், அந்த முனைக்கு நேர் கீழே உள்ள புள்ளி பலகையின் அடியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்றும் அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். பத்தடிக்கு மூன்றடி உயர்ந்திருந்தால் குணகம் 0.3. எண்ணெய் பட்ட இரும்பின் மேல் இரும்பு 0.1-ஐ ஒட்டி நிற்கும். பெயின்ட் அடித்த தகரத் தளத்தில் மரப்பெட்டி 0.3 அளவில் வரும். நடுவில் ரப்பர் விரிப்பு போட்டால் 0.6.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்துகாட்ட வேண்டிய தேவைகூட இல்லை. உப்பளத்து அம்பாரங்களைப் பார்த்தால் போதும். உப்பை எவ்வளவு கொட்டினாலும் குவியல் உயரமும் அகலமும் கூடுமே தவிர, சரிவு முப்பது பாகையைச் சுற்றியே நிற்கும். அதைவிடச் செங்குத்தானால் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இறங்கிவிடும். இதை அமைவுக் கோணம் எனலாம். தேரியின் காற்று மறைவுப் பக்கத்துச் சரிவும் இதே கணக்கில் அமைந்ததுதான். அங்கே அது முப்பது பாகையைச் சற்றுத் தாண்டும். துறைமுகத்தை அலையிலிருந்து காக்கும் வடக்கு அலைதடுப்புச் சுவர் நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதுவும் கல்மேல் கல் குவித்ததுதான். கல்லின் எடையும் கல்லுக்குக் கல் உள்ள உராய்வும் அதைத் தாங்குகின்றன.

உராய்வின் விதிகளை முதலில் குறித்துவைத்தவர் லியோனார்டோ டா வின்சி. 1493ஆம் ஆண்டை ஒட்டிய அவரது குறிப்பேடுகளில், ஒரே கட்டையைப் படுக்கவைத்தும் நிமிர்த்தியும் இழுத்துப் பார்க்கும் படங்கள் உள்ளன. அவர் அதை வெளியிடவில்லை. 1699இல் பிரெஞ்சுக்காரரான அமோந்தோன் அதே விதிகளைத் தாமாகக் கண்டு பாரிஸ் அறிவியல் கழகத்தில் சொன்னார். எடை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும். தொடும் பரப்பு கூடினாலும் குறைந்தாலும் உராய்வு மாறாது. இந்த இரண்டாவது விதியைக் கழகத்தில் பலர் நம்பவில்லை. இன்றைக்கும் நம்புவதற்குச் சிரமமானதுதான். பெட்டியைப் படுக்கவைத்தால் கெட்டியாகப் பிடிக்கும் என்றுதானே நம் அனுபவ அறிவு சொல்கிறது?

இந்தப் புதிர் 20ஆம் நூற்றாண்டில்தான் அவிழ்ந்தது. கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற இருவர், ஒன்றையொன்று தொடும் உலோகப் பரப்புகளின் ஊடே மின்சாரத்தைச் செலுத்தி, அது எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்று அளந்தார்கள். பரப்பு முழுவதும் தொட்டிருந்தால் எளிதாகக் கடந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. மழமழவென்று தெரியும் இரும்பும் நுண்ணளவில் மேடும் பள்ளமும்தான். மேட்டு நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. உண்மையில் தொடும் பரப்பு, கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறு துளி. அழுத்தினால் நுனிகள் நசுங்கி அந்தத் துளி பெருகும். உராய்வைத் தீர்மானிப்பது அந்தத் துளிப் பரப்பு. பெட்டியைப் படுக்கவைத்தாலும் நிமிர்த்தினாலும் எடை ஒன்றே என்பதால், நசுங்கும் மொத்தப் பரப்பும் ஒன்றே.

இனிக் கணக்குக்கு வரலாம். ஜீப்பின் பின்தளத்தில் 100 கிலோ எடையுள்ள கருவிப் பெட்டி இருக்கிறது. முழு பிரேக்கில் அதை 80 கிலோ விசை முன்னால் தள்ளும். தகரத் தளமென்றால் பெட்டியின் சொந்த எடை 30 கிலோ அளவுக்குத்தான் பிடித்துக்கொடுக்கும். மிச்சம் 50 கிலோவைக் கயிற்றின் அழுத்தத்திலிருந்து பெற வேண்டும். அதற்குக் கயிறு 167 கிலோ அளவுக்குக் கீழே அழுத்த வேண்டும். அடியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போடுங்கள். சொந்த எடையே 60 கிலோவைப் பிடிக்கும். மிச்சம் 20 கிலோ. அதற்குத் தேவை 33 கிலோ அழுத்தம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. பல்சக்கரத்தால் இறுக்கும் ராட்செட் பெல்ட் இரண்டு கூடுதலாக வாங்குவதைவிட ஒரு துண்டு ரப்பர் ஏன் பெரிய காரியம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

தளர்ச்சிக்கு வருவோம். துறைமுகத் தளத்தில் கப்பலைக் கட்டிவைக்கும் பொல்லார்ட் எனும் இரும்புக் குற்றியில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால், மறுமுனையை ஒருவர் கையால் பிடித்துக்கொண்டே கப்பலின் பெரும் இழுப்பைத் தாங்கலாம். இரும்பின் மேல் வளையும் கயிறு ஒவ்வொரு பாகை வளைவிலும் கொஞ்சம் இழுப்பை உராய்வுக்குக் கொடுத்துவிடுகிறது. அந்தக் கொஞ்சம் கூட்டு வட்டிக் கணக்கில் பெருகும். 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். நடுத்தரமான உராய்விலேயே மூன்று சுற்றுக்கு நூறு மடங்கைத் தாண்டிவிடும்.

கப்பலுக்கு நன்மை செய்யும் இதே விதி நம் பெட்டிக்குக் கெடுதல் செய்கிறது. பெல்ட்டை இடப்பக்க ராட்செட்டில் இறுக்குகிறீர்கள். பெல்ட் பெட்டியின் இடது விளிம்பில் செங்கோணமாக மடிந்து, மேலே ஓடி, வலது விளிம்பில் மறுபடி மடிந்து இறங்குகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் இழுப்பில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் விளிம்பு உராய்வில் சிக்கிக்கொள்ளும். வலப்பக்கம் இறங்குவது நீங்கள் கொடுத்த இழுப்பில் நாற்பது சதவீதம்கூட இல்லை. இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு பங்கு அழுத்தம் கிடைத்ததாக நம்புகிறீர்கள். கிடைத்தது ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. கையால் தட்டிப் பார்த்தால் ராட்செட் பக்கம் வீணைத் தந்தியின் விறைப்பு. மறுபக்கத்தைத் தட்டிப் பார்க்க யாரும் சுற்றிப் போவதில்லை.

வண்டி ஓடத் தொடங்குகிறது. அதிர்வில் விளிம்புப் பிடி கணம் கணமாக விடுபட, இறுகிய பக்கத்து இழுப்பு மறுபக்கத்துக்குக் கசிகிறது. நீங்கள் இறுக்கிய பக்கம் தளர்ந்துவிட்டதாகத் தெரிவதில் ஒரு பகுதி இந்தப் பங்கீடுதான். இன்னொரு பகுதி லோடு அமர்வது. மூட்டைகளுக்குள் சரக்கு குலுங்கி இறங்கும், மரச்சட்டம் நசுங்கும், அட்டை மடங்கும். கையால் இறுக்கும்போது மூன்று மீட்டர் பெல்ட் நீள்வது சில சென்டிமீட்டர்தான். லோடு ஒரு சென்டிமீட்டர் அமர்ந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு சென்டிமீட்டர் தொய்வு. போட்ட இழுப்பில் கணிசமான பங்கு அங்கேயே போய்விட்டது. சங்கிலியென்றால் நிலைமை மோசம். சங்கிலி நீள்வது மில்லிமீட்டர் கணக்கில். லோடு சற்றே அமர்ந்ததும் முழு இழுப்பும் போய்விடும். உறுதியான சங்கிலிதான் பெல்ட்டைவிடச் சீக்கிரம் தளர்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

சணல், பருத்திக் கயிற்றுக் காலத்தில் மூன்றாவது காரணம் ஒன்றும் இருந்தது. முறுக்கிய நார்க்கயிறு ஈரம் குடித்தால் தடித்து, முறுக்கு இறுகி, நீளம் குறையும். காய்ந்தால் மறுபடி நீளும். கடற்காற்றின் ஈரத்தில் விடியற்காலை கட்டிய கயிறு, கரிசல் காட்டு வெயிலில் உலர்ந்து தானாகவே தளரும். இன்றைய பிளாஸ்டிக் கயிறுகளில் இந்தக் காரணம் அற்றுப்போனது. முதல் இரண்டும் அப்படியே இருக்கின்றன.

தார்ச்சாலையை விட்டு இறங்கினால் கதை வேறு. பள்ளத்தில் சக்கரம் விழும் கணத்தில் வண்டித் தளம் லோடுக்கு அடியிலிருந்து விலகி இறங்குகிறது. அந்தக் கணத்தில் ஜாக்கிக்குத் தளத்தின் மேல் எடையே இல்லை. எடை இல்லாவிட்டால் உராய்வும் இல்லை. பக்கவாட்டில் ஒரு சிறு தள்ளல் போதும், ஜாக்கி ஒரு விரற்கடை நகர்ந்து அமர்ந்துவிடும். அடுத்த பள்ளத்தில் இன்னொரு விரற்கடை. காட்டுப் பாதையில் சாமான்கள் மூலையில் போய்க் குவிவதற்கு இதுதான் காரணம். இதை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். உங்கள் செல்போனுக்குள் முடுக்கமானி என்ற நுண்கருவி இருக்கிறது. அதன் எண்ணைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை இறக்கி, போனைத் தளத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். நிற்கும்போது 9.8 காட்டும். ஓடை குறுக்கிடும் இடத்தில் அது பூஜ்யத்தை நெருங்கி, மறுகணம் இருபதுக்குத் தாவும். பூஜ்யம் காட்டும் கணங்களில் உங்கள் சாமான் கயிற்றின் அழுத்தத்தை மட்டும் நம்பி இருக்கிறது.

அதனால்தான் துறைமுகத்தில் தவறவே கூடாத சரக்குக்கு உராய்வை மட்டும் நம்புவதில்லை. கண்டெய்னரின் நான்கு அடிமூலைகளிலும் துளையுள்ள வார்ப்பு எஃகுக் கட்டிகள் இருக்கும். டிரெய்லரில் உள்ள ட்விஸ்ட்லாக் அந்தத் துளைக்குள் நுழைந்து கால்வட்டம் திரும்பியதும் பூட்டிக்கொள்ளும். இப்போது லோடு நகர வேண்டுமென்றால் இரும்பு அறுந்தாக வேண்டும். காற்றாலை இறகும் இப்படித்தான் பயணம் போகிறது. 2022இல் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் வழியாக 81.5 மீட்டர் நீளமுள்ள இறகுகள் கப்பலேறின. ஒன்றின் எடை சுமார் 25 டன். இத்தகைய இறகின் அடிமுனை ஒரு இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு இணைக்கப்படும். நுனிப் பக்கம் அதன் வளைவுக்கேற்ற மெத்தை வைத்த தாங்கியில் அமரும். இதை உருவப் பிடி எனலாம். நம் ஊர்ப் பேச்சில் முட்டுக் கொடுப்பது. உராய்வுப் பிடி முதல் வேலி, உருவப் பிடி இரண்டாவது வேலி. சாதாரணப் பயணத்துக்கு முதலாவது போதும். விபத்தில் இரண்டாவதுதான் காப்பாற்றும்.

விபத்தின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள் ஜாக்கியைப் பின்தளத்தில் சும்மா போட மாட்டார்கள். நான்கடி உயர ஜாக்கி ஒன்றின் எடை சுமார் 13 கிலோ. வண்டி மணிக்கு 50 கிலோமீட்டரில் போய் ஒரு மரத்தில் மோதி, முன்பகுதி அரை மீட்டருக்குச் சற்று அதிகமாக நசுங்கி நிற்கிறது என்று கொள்வோம். வண்டியோடு பூட்டப்பட்ட ஜாக்கி அதன் பிடிமானத்தை இருநூறு கிலோவுக்கு மேல் இழுக்கும். நல்ல எட்டு மில்லிமீட்டர் போல்ட் இரண்டு இதைத் தாங்கிவிடும். பூட்டப்படாத ஜாக்கியோ பழைய 50 கிலோமீட்டர் வேகத்திலேயே முன்னால் பறக்கும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் இரும்புக்கு உள்ள வேகம் அது. இருக்கையின் முதுகிலோ மனிதர் தலையிலோ பத்து சென்டிமீட்டருக்குள் நின்றால், தாக்கும் விசை ஒரு டன்னைத் தாண்டும். ஷாக்கிள் ஒன்று ஒரு கிலோதானே என்று கதவுப் பையில் போட்டுவைப்பவர்கள் இந்த எண்ணைப் பதின்மூன்றால் வகுத்துக்கொள்ளலாம். அப்போதும் அது மண்டைக்கு அதிகம்.

கயிறு என்ற ஒரே பெயரில் நாம் நேர்மாறான இரண்டு பொருள்களை வண்டியில் வைத்திருக்கிறோம். சாமானைக் கட்டும் பெல்ட் பாலியஸ்டரில் நெய்யப்படுகிறது. அது அதிகம் நீளக் கூடாது. புதைந்த வண்டியை இழுக்கும் மீட்புக் கயிறு நைலானில் செய்யப்படுகிறது. அது நீளத்தான் வேண்டும். இழுக்கும் வண்டி சற்றுத் தொய்வு விட்டுக் கிளம்புகிறது. நைலான் தன் நீளத்தில் கால் பங்கு வரை நீண்டு, அந்த ஓட்டத்தின் ஆற்றலைத் தனக்குள் வாங்கி, பிறகு சுருங்கி, புதைந்த வண்டியை மணலிலிருந்து மெல்ல உறிஞ்சி எடுக்கிறது. இதே வேலையைப் பாலியஸ்டர் பெல்ட்டில் செய்தால் கொக்கி பிய்யும், இல்லையென்றால் சட்டம் வளையும். மாற்றிச் செய்தாலும் தவறுதான். மீட்பு நைலானால் லோடைக் கட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் அது நீண்டு சுருங்கி, லோடைத் துள்ளவைக்கும். நைலானுக்கு இன்னொரு குறையும் உண்டு. நனைந்தால் பலத்தில் பத்து சதவீதம் அளவுக்கு இழந்துவிடும்.

நீண்ட கயிற்றுக்குள் ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறது. அறுந்தால் அது எங்கே போகும் என்பது கப்பலைக் கயிற்றால் கட்டும் துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தெரியும். இறுகிய கயிற்றின் நேர்கோட்டில் நிற்பவரை அது சாட்டையாக வந்து அடிக்கும். கப்பல் கட்டுகயிறுகளின் தேர்வையும் பராமரிப்பையும் குறித்துச் சர்வதேச விதிகள் 2024 ஜனவரியிலிருந்து இறுக்கப்பட்டிருப்பது இந்த விபத்துகளால்தான். ஜீப்பில் இழுக்கும்போது கயிற்றின் முனையில் இரும்பு ஷாக்கிளும் சேர்ந்துவிடுகிறது. டிரெய்லர் இழுக்கும் உருண்டைக் கொக்கியில் மீட்புக் கயிற்றை மாட்டவே கூடாது. அந்த உருண்டை பிய்ந்து பறந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. சட்டத்தோடு சேர்ந்த இழுவை வளையத்தில்தான் மாட்ட வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி, பக்கவாட்டில் நிறுத்துங்கள்.

சாமான்களை வண்டியில் எங்கே வைப்பது? மேல்கூரை ராக் பார்க்கக் கம்பீரம். ஆனால் 1,700 கிலோ ஜீப்பின் கூரையில் 60 கிலோ ஏற்றினால் மொத்தப் புவியீர்ப்பு மையம் நான்கு சென்டிமீட்டர் உயரும். கேட்கச் சிறிதாகத் தெரியும் அளவுதான். தேரிச் சரிவில் குறுக்கே போகும்போது ஸ்பிரிங்குகள் ஒரு பக்கமாக அமர்ந்து, கூரை வெளியே சாயும். அப்போது அந்த 60 கிலோதான் முதலில் வெளியே சாய்கிறது. கூரைக்கு என்று தயாரிப்பாளர் சொல்லும் எடை வரம்பில் ராக்கின் சொந்த எடையும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பின்கதவு இன்னொரு ஆசை. ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் கேன் என்று பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 80 கிலோவைத் தொங்கவிட்டால், நெம்புகோல் கணக்கில் முன்சக்கரங்களிலிருந்து 30 கிலோவுக்கு மேல் எடை கழன்றுவிடும். மணல் மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங் பேச்சைக் கேட்காததற்கு இது ஒரு காரணம். கனமானவை தாழ்வாக, பின் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். மணல் பலகைகள் கனமில்லாதவை, அவை கூரைக்குப் போகலாம். மண்வெட்டியை மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே, கை எட்டும் இடத்தில் வையுங்கள். அச்சு வரை புதைந்த வண்டியில் மூட்டைகளுக்கு அடியில் கிடக்கும் மண்வெட்டி இருந்தும் இல்லாததுதான்.

வெளியே மாட்டிய கருவிக்கு இந்தக் கரையில் ஒரு விசேஷ எதிரி உண்டு. தூய சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே கரையத் தொடங்கிவிடும். கடற்காற்றில் இரும்பின் மேல் படியும் உப்பு பெரும்பாலும் முழுதாக உலர்வதே இல்லை என்று அர்த்தம். துருவுக்கு வேண்டிய ஈரப்படலம் நிரந்தரமாகக் கிடைக்கிறது. உயர ஜாக்கி படிப்படியாக ஏறுவது இரண்டு ஊசிகளும் சிறு ஸ்பிரிங்குகளும் வேலை செய்வதால்தான். துருவும் மணலும் சேர்ந்து அவற்றைக் கடித்துக்கொண்டால் ஜாக்கி வெறும் இரும்புத் தூண். கிரீஸ் பூசினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். தேரி மணல் இரும்புத் துரு போர்த்திய குவார்ட்ஸ். கிரீஸோடு சேர்ந்தால் அரைக்கும் பசை ஆகிவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, கிராஃபைட் பொடி தூவி, ஓர் உறைக்குள் போடுங்கள். எல்லாவற்றையும்விட வண்டிக்குள் வைப்பது மேல்.

போல்ட் போட்டுப் பூட்டிவிட்டோம் என்று நிம்மதி அடைபவர்களுக்கு ஒரு சங்கடமான செய்தி. நட் ஏன் தானாகக் கழல்கிறது என்பதை 1969இல் கெர்ஹார்ட் யூங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் ஒரு சோதனைக் கருவி செய்து காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் எவ்வளவு ஆட்டினாலும் நட் அவ்வளவாகக் கழல்வதில்லை. குறுக்குவாட்டில் ஆட்டினால் சில நூறு ஆட்டத்துக்குள்ளேயே முழுதாகத் தளர்ந்துவிடும். குறுக்காக வழுக்கும் கணத்தில் மரையின் உராய்வு அந்தத் திசையில் செலவாகிவிடுகிறது. சுற்றுத் திசையில் தடுக்க எதுவும் மிச்சமில்லை. மரையின் சரிவே நட்டைப் பின்னோக்கி இறக்கிவிடுகிறது. ஜாக்கி ஸ்டாண்டில் நடப்பது முழுக்கக் குறுக்காட்டம். ஸ்பிரிங் வாஷர் இதைத் தடுக்கும் என்பது நம் ஒர்க்ஷாப்களில் வேரூன்றிய நம்பிக்கை; யூங்கரின் கருவியில் அது தேறவில்லை. உள்ளே நைலான் வளையம் வைத்த நட் போடுங்கள். இறுக்கிய பிறகு நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் நட் திரும்பியிருக்கிறது. இந்தக் கோட்டை விமானப் பராமரிப்பிலும் போடுகிறார்கள்.

எவ்வளவு சரியாகக் கட்டினாலும் முதல் சில கிலோமீட்டரில் இழுப்பு பங்கிடப்படுவதையும் லோடு அமர்வதையும் தடுக்க முடியாது. அமெரிக்கச் சாலைச் சட்டம் லாரி டிரைவர் முதல் 50 மைலுக்குள் வண்டியை நிறுத்தி லோடுக் கட்டைச் சோதித்தாக வேண்டும் என்கிறது. ஜீப்புக்கு அவ்வளவு தூரம் காத்திருக்கக் கூடாது. தார்ச்சாலை முடியும் இடத்தில் டயர் காற்றை முப்பது பாயிண்டிலிருந்து பதினைந்து, பதினெட்டுக்கு இறக்குவீர்கள். டயர் தட்டையாகி, மணலைத் தொடும் பரப்பு கூடி, புதைவது குறையும். அதற்கு எப்படியும் பத்து நிமிடம் இறங்கி நிற்கப் போகிறீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாப் பெல்ட்டையும் மறுபக்கம் போய்த் தட்டிப் பார்த்து, மறுபடி இறுக்குங்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும். திருச்செந்தூர்ப் பக்கத்துக் குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதியில்லாமல் அதற்குள் வண்டியை இறக்குவது குற்றம்.

புதிதாக ஜீப் வாங்கியவர்கள் வின்ச், கூரை ராக், பெரிய பம்பர் என்று பட்டியல் போடுகிறார்கள். பம்பரோடு மாட்டும் உலோகக் கிராஷ் கார்டுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அந்தச் செலவை மிச்சம் பிடியுங்கள். அந்தப் பணத்தில் முதலில் ஒரு ரப்பர் விரிப்பு, நான்கு பாலியஸ்டர் பெல்ட், பின்னிருக்கைக்கும் சாமான் தளத்துக்கும் நடுவே சட்டத்தோடு போல்ட் போட்ட ஒரு கம்பித் தடுப்பு வாங்குங்கள். பின்னிருக்கையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் போகிறவர்கள் அந்தத் தடுப்பு வரும்வரை ஜாக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுங்கள்.